நித்திரை கொள்ளாத கார்

என் மனைவிக்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கிய வாரத்திலேயே எங்கள் புதுக் காரும் படுத்துவிட்டது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை என்பார்கள். மாடாவது மிதித்துவிட்டுப் போய்விடும். இது கராஜுக்குள்ளேயே நின்றது.

மார்பில் இருந்த கட்டியை எடுத்து முடித்திருந்தார்கள். இனிச் சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர் வாங்க வேண்டும், இடையில் விட்டுவிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிட்னியின் மேற்குப் புறத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அது ஒரு நல்ல ஓட்டம். நான் லீவு எடுத்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை.

"நீங்கள் பக்கத்திலை இருங்கோ. நான்தான் ஓடுவன். இந்த வருத்தத்திலை என்ர கையிலை இருக்கிறது இது ஒண்டுதான்."

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு, பலமுறை தோற்று, லைசென்ஸ் எடுத்தவள் அவள். பெருந்தெருவில் லாரிகளுக்கு நடுவே அவள் கார் ஓடுவதைப் பார்த்தால், எனக்குக் கை தட்ட வேண்டும் போலவும் கதவைத் திறந்துகொண்டு குதிக்க வேண்டும் போலவும் இருக்கும். சரி என்று தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காரை வாங்கியதும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் சிகிச்சையின் இரண்டாம் மூன்றாம் நாளில், காலையில் அவள் பொத்தானை அமத்த, கார் டக் டக் என்று இருமிவிட்டு ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வயர் கொண்டுவந்து தன் காரிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிர்ப்பித்தார். அடுத்தமுறை அவரும் வீட்டில் இல்லை. டாக்சியில் போனோம். வழி முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள்.

"டாக்சியிலை போகேக்கை நான் ஒரு வருத்தக்காரி. நானே ஓடினா, ஏதோ ஒரு அலுவலாப் போட்டு வாறன்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கார்க் கொம்பனியையே கொளுத்தலாம் போல இருந்தது. சும்மாவே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

டீலரிடம் போனேன். சேர்விஸ் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். பற்றரியைச் சோதித்து ஒரு தாள் அச்சடித்துத் தந்தாள். பற்றரி நல்லாயிருக்கிறதாம். அவர்கள் விற்ற பற்றரிக்கு அவர்களுடைய மெஷினே நற்சான்று கொடுக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பல்ப் மாற்றுவதோடு சரி. இருந்தும் வீம்புக்கு ஒரு மீற்றர் வாங்கினேன். நிறைந்த பற்றரி பன்னிரண்டரை வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும் என்று படித்தேன். எங்களுடையது மாலையில் ஒழுங்காகக் காட்டியது. விடிந்தால் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. யாரும் தொடாமல், பூட்டிய கராஜுக்குள், இரவோடிரவாக யாரோ குடித்துவிட்டுப் போனதுபோல. மாலையும் காலையும் படமெடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் மறுப்புச் சொல்லாமல் வாரண்டியில் புதுப் பற்றரி போட்டுத் தந்தாள். நான் வென்றுவிட்டேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். சில நாளில் அதுவும் படுத்தது.

இப்போது அந்தச் சேர்விஸ் பெண் என்னைச் சந்தேகித்தாள். காருக்குள் வெளியிலிருந்து வாங்கிய கமெரா, விளக்கு ஏதாவது பூட்டினீர்களா என்று விசாரித்தாள். ஒட்டி வைத்த ஒரு குட்டிப் பிள்ளையார் மட்டும் இருக்கிறார், அவர் மின்சாரம் சாப்பிடுவதில்லை என்றேன். அவள் போய்ப் பிள்ளையாரைக் குனிந்து பார்த்து, வயர் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வந்தாள். பிறகு எங்களுக்கு ஓட ஒரு கார் இரவல் தந்துவிட்டு, எங்களுடையதை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் திரும்பப் போனேன். அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். பூட்டிவிட்டுப் போன பிறகு கார் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று அதில் ஒரு கோடு. நிறுத்திவிட்டால் கார் உடனே தூங்கிவிடுவதில்லையாம். கதவுகளைக் கவனிக்கும் பகுதி, திரையைக் கவனிக்கும் பகுதி, திருடனைக் கவனிக்கும் பகுதி என்று ஒவ்வொன்றாக அடங்குமாம். கோடு படிப்படியாக இறங்கி, அடித்தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு பெரிய வீட்டில் ஒவ்வொரு அறையாக லைற் அணைவதைத் தெருவில் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக, நிறுத்தினால் நிறுத்தியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கொண்டுபோன கோபத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

கார் இங்கே நன்றாகத் தூங்குகிறது, உங்கள் வீட்டில்தான் அதைத் தூங்கவிடாமல் ஏதோ இருக்கிறது என்றாள். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்வழியில் கோபம் திரும்பி வந்துவிட்டது. காரில் பிழை இல்லையாம், என் வீட்டில் பிழையாம். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் சிநேகிதன் போனிலேயே வைத்தியம் சொல்லிவிட்டான். கண்ணூறு. வாசலில் ஒரு நீற்றுப் பூசணிக்காயை உடைக்கட்டாம்.

பூசணிக்காய்க்குப் பதிலாக இன்னொரு மீற்றர் வாங்கினேன். இது பற்றரி வயரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, அதில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும். ஒரு மாலை, மனைவி சாவியால் காரைப் பூட்டிவிட்டுக் குளிக்க மேலே போனாள். முன்னதாகவே திறந்து வைத்திருந்த பொனற்றுக்கு முன்னால் நான் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் பார்த்தது என் கண்முன்னே நடந்தது. எண் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. கடைசியில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் போய் அசையாமல் கிடந்தது. கார் தூங்கிவிட்டது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

சுவருக்கு மறுபக்கம் சாமியறையில் மணிச் சத்தம் கேட்டது. மனைவி விளக்கேற்றிவிட்டாள். அந்த நேரம் பார்த்து எண் துள்ளி ஏறியது. சற்று இறங்கியது, மறுபடி ஏறியது. அதன் பிறகு அது படுக்கவே இல்லை.

நான் சாமியறைக்குள் திருவிழாவுக்கு எட்டிப் பார்க்கிற ஆள். அன்றைக்கு ஓடிப்போய் வாசலில் நின்று, இப்ப என்ன செய்தனீர் என்று கேட்டேன். அவள் ஒன்றும் விளங்காமல், விளக்கு வைத்தேன், மணி அடித்தேன், திறப்பை வைத்தேன் என்றாள். பார்த்தேன். பிள்ளையாரின் காலடியில், ஒரு செவ்வரத்தம்பூவுக்குப் பக்கத்தில், கார்ச் சாவி இருந்தது.

முன்பெல்லாம் அது குசினிக் கொக்கியில் தொங்கும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து, மறுநாளைப் பயணத்தைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் படுப்பாளாம். எங்கள் சாமியறை, கராஜோடு ஒட்டிய சின்னக் களஞ்சிய அறை. நடுவில் இருப்பது மெல்லிய அட்டைச் சுவர். பிள்ளையாரின் தும்பிக்கைக்கும் காரின் மூக்குக்கும் இடையில் ஒரு முழம்கூட இராது.

திறப்பை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போகச் சொன்னேன். எண் இறங்கிப் படுத்தது. பிள்ளையாரிடம் கொண்டுவரச் சொன்னேன். எழுந்தது. திரும்பப் போகச் சொன்னேன். அவள் படியில் ஏறும் சத்தம் கேட்கக் கேட்க, அது திரும்பவும் மெல்ல அடங்கியது. பூட்டில் நுழைக்காமலே, பக்கத்தில் இருந்தாலே கார் அறிந்துகொள்ளும் சாவி அது. சாவி பக்கத்தில் இருக்கிறதா, வருகிறதா என்று அந்தக் கார் சுவரினூடாகக் கேட்கிறது. இருக்கிறேன் என்று சாவி சொல்கிறது. அப்படியானால் சொந்தக்காரி வரப்போகிறாள் என்று கார் எழுந்து காத்திருக்கிறது. வரவில்லை. படுக்கப் போய், மறுபடி கேட்கிறது. டீலரின் இடத்தில் சாவியைத் தூரத்தில் ஒரு பெட்டிக்குள் தொங்கவிடுவார்கள். அங்கே அது நிம்மதியாகத் தூங்கியதில் வியப்பில்லை.

பிறகு சேர்விஸ் பெண்ணுக்குப் போனில் சொன்னேன். காரோடு வந்த புத்தகத்தில் அப்படி ஓர் எச்சரிக்கை ஒரு மூலையில் இருக்கிறது, இத்தனை வருடத்தில் ஒருவருடைய வீட்டிலும் நான் அதைக் கண்டதில்லை என்றாள். களைத்துப்போன இரண்டாவது பற்றரியையும் வாரண்டியிலேயே மாற்றித் தந்தாள். கொளுத்தப் போனவன் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த மாலை என் பயம் வேறு. அவள் கீழே இறங்கி வந்து கராஜில் என் பக்கத்தில் நின்றாள். கையில் திறப்பு. எண் ஏறி நின்றதைப் பார்த்தாள். நான் விளக்கத் தொடங்குமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. தான் கும்பிட்டதே தன்னை டாக்சியில் ஏற்றியது என்று நினைத்து உடைந்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். இந்த வருத்தம் வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கண்டதில்லை. இதற்காக அழக்கூடாதே என்று இருந்தது.

அவள் பொனற்றில் கையை வைத்தாள்.

"அப்ப நான் நித்திரையாக் கிடக்க, இது விடிய விடிய முழிச்சிருந்து, நான் இருக்கிறனோ, வாறனோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கு."

"ஓம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்த இரவுகளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நானும் முழிச்சுத்தான் இருந்தனான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும். அதாலைதானே நான் நித்திரை கொண்டனான்."