சூசை அண்ணை உரித்த தேங்காய்கள்

செவ்வாய்க்கிழமை காலை சாவகச்சேரிக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சூசை அண்ணையின் மனைவி. "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார். விடிய எழுப்பினன், எழும்பேல்லை" என்றார். அரைக் கிலோ ஆணி கேட்டவருக்கு எவ்வளவு நிறுத்துக் கொடுத்தேனோ தெரியாது. என் முகத்தைப் பார்த்த அவர் தராசைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

சூசை அண்ணை எங்கள் இரும்புக்கடை லொறியின் சாரதி. குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துவராமல் தரைக்கு வந்தவர். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன். அதனால் முதலாளி என்னைக் காசுப் பெட்டிக்கு எட்டத்தில் நிறுத்தியிருக்கிறார். லொறியை எடுக்கமுன் அண்ணை சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடுவார். அப்போது நான் சைவ சமயக்காரன். வாயும் சும்மா இராது.

"என்ன அண்ணை, பிரேக் பிடிக்காதோ?"

"லொறிக்குப் பிடிக்கும் தம்பி. என்ரை கோவத்துக்குத்தான் பிடிக்கிறேல்லை. அதுதான் கேட்டுக்கொண்டு போறன்."

என் மனைவி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், லொறியை நிறுத்திவிட்டு அவர் கஞ்சிப் போத்தலுடன் வருவார். மதத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானாகத்தான் கேட்டேன், எங்களுக்காக என்ன செபம் செய்கிறீர்கள் என்று. "தங்கச்சியின்ரை பேரைச் சொல்லுவன், உன்ரை பேரைச் சொல்லுவன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்ரை வேலையைப் பார்ப்பன். எல்லாத்தையும் நானே ஆண்டவருக்குச் சொல்லிக்குடுக்க வேணுமே?" என்றார்.

அவள் சுகமாகி வந்தாள். அதன்பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. தினமும் என் பெயரைச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்றால், அவர் யாரிடம் சொல்கிறார் என்று பார்க்கத்தான் முதலில் அவருடைய தேவாலயத்துக்குப் போனேன். பிறகொரு உயிர்த்த ஞாயிறன்று மனைவி, மகள், நான் மூவரும் ஞானஸ்நானம் பெற்றோம். "சூசை, ஆளை மாத்திப்போட்டாய் போலை" என்று முதலாளி நக்கலடித்தார். "நான் லொறி ஓட்டுறனான் முதலாளி. ஆளை மாத்திறது என்ரை வேலையில்லை" என்றார் அண்ணை.

ஞானஸ்நானச் செய்தி கேட்டதும் என் அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். அவர் தென்மராட்சியில் தோட்டம் செய்பவர். விபூதி பூசாமல் தண்ணியும் குடிக்காதவர், மீன் மச்சம் தொடாதவர். "உவன் இனி வீட்டுப் படலை திறந்து உள்ளை வரக்கூடாது" என்று சொல்லியனுப்பினார். மகளை மட்டும் உள்ளே விட்டார். "அப்பப்பா ஏன் உங்களோடை கதைக்கிறேல்லை?" என்று அவள் கேட்டபோது, எனக்குக் காது மந்தம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று சமாளித்தேன்.

புதிதாக வேதத்தில் சேர்ந்தவனின் வேகம் சொல்லி முடியாது. இயேசுவின் பெரிய திருஇருதயப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு வாங்கி, அப்பாவுக்குக் கொடுக்கப் புறப்பட்டேன்.

"உதை எங்கை கொழுவப் போறாய்? பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலையோ?" என்று அண்ணை வழி மறித்தார். "கொப்பருக்கு இப்ப படம் வேண்டாம். நாரி பிடிச்சுக் குனிய ஏலாமல் இருக்கிறாராம். வீட்டு முத்தத்திலை தேங்காய் குவிஞ்சு கிடக்காம். நட, உரிச்சுக் குடுப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இது வழக்கமானது. குருநகர்த் தேவாலயத்தில் பூசை முடித்து, மோட்டார்சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொள்வார். படலையடியில் என்னை இறக்கிவிட்டு, "ஐயா, உங்கடை மோன்ரை கூட்டாளி வந்திருக்கிறன்" என்று உள்ளே போவார். அவர் அலவாங்குக் கம்பியை நட்டுத் தேங்காய் உரிப்பார், தேத்தண்ணியும் கிடைக்கும். நான் வெள்ளைச் சேட்டும் செபப்புத்தகமுமாக, வீடு மாறி வந்த மாப்பிள்ளை போல வெளியே நிற்பேன்.

பல ஞாயிறுகள் போனபின் ஒருநாள் அப்பாவின் குரல் கேட்டது. "தம்பி சூசை, உவனை உள்ளை வந்து நிக்கச் சொல்லு. வெயிலுக்குள்ளை நிண்டு என்னத்தைப் பிடுங்கிறான்?" உள்ளே போனேன். ஆனால் பேச்செல்லாம் அண்ணை வழியாகத்தான். "சீனி காணுமோ எண்டு உவனைக் கேள்." "காணுமாம் ஐயா." நடுவில் இருந்து எங்கள் சொற்களை ஏற்றி இறக்கினார் அந்த லொறிக்காரர். இப்போது அவரும் இல்லையென்றால் அப்பாவுக்கும் எனக்கும் இடையில் என்ன மிஞ்சும்? அந்தப் பயத்துடன்தான் குருநகருக்குச் செத்தவீட்டுக்குப் போனேன்.

சவப்பெட்டியருகில் இருந்த அக்கா, அண்ணையின் மனைவி, என் கையைப் பிடித்தார். "ஞாயிற்றுக்கிழமையிலை எங்கடை வீட்டிலை மீன் காய்ச்சிறேல்லைத் தம்பி. ஐயா வீட்டை போறன், கையிலை மீன் மணக்கக்கூடாது எண்டுவார்." குருநகரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மீன் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். இத்தனை காலமும் எனக்குக்கூடச் சொல்லவில்லை.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினேன். நெற்றி நிறைய விபூதியுடன் அப்பா நின்றார். தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறார். அக்கா சொன்னதை அவரும் கேட்டுவிட்டார்.

சேமக்காலையில் குழியருகே நின்று எல்லோரும் பிடிமண் போட்டார்கள். அப்பா மண்ணை அள்ளிய கையுடன் தயங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை மட்டும்.

"நான் போடலாமோ? உங்கடை முறையிலை குற்றம் இல்லையோ?"

"போடலாம் அப்பா."

மண்ணைப் போட்டுவிட்டு, கையில் ஒட்டியதைத் தட்டாமல் நெடுநேரம் நின்றார். பஸ் ஏறும்போது, "தேங்காய் கிடக்கு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணையை அறிந்தவர்கள் அவரிடம் கற்றது பற்றி எவ்வளவோ சொல்வார்கள். எனக்கு அவ்வளவு படிப்பு ஏறாது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து போனேன். படலை திறந்து கிடந்தது. அண்ணை நட்ட அலவாங்கு அதே இடத்தில் நின்றது. நான் குத்திய முதல் தேங்காய் வழுக்கி உருண்டு அப்பாவின் காலடியில் போய் நின்றது.

"சூசை உப்பிடி உரிக்கிறேல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கை கவனம்" என்றார்.

சூசை அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய அந்தச் செபத்தைத்தான். மனதுக்குள் அப்பாவின் பெயரைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த தேங்காயை எடுத்தேன்.