முழங்காலுக்கு வந்த அன்ரி

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறை, ஒரு பிசியோதெரபி நிலையத்தின் பின்பக்கம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே தொங்கு ரயில் நிலையம். ரயில் வந்து நிற்கும்போது கண்ணாடி மெல்ல அதிரும். அந்த நேரத்தில் யாருடைய நாடியாவது என் விரலுக்குக் கீழே இருந்தால், ரயில் போகும்வரை எண்ணாமல் காத்திருப்பேன்.

நான் சீன மருத்துவம் செய்கிறவன். அக்குபங்சர் ஊசி போடுகிறேன். ஆனால் டொக்டர் அல்ல. மருத்துவப் பட்டம் இல்லாமல், சுகாதார அலுவலகத்தின் சோதனையில் தேறி வைத்தியம் செய்ய அனுமதி பெற்றவரை இங்கே ஹைல்பிராக்டிக்கர் என்பார்கள். அந்தச் சோதனையில் என்னிடம் ஊசியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எந்த நோயை நீ தொடக்கூடாது, யாரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பவேண்டும், இவைதான் கேள்விகள். இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இங்கே வந்ததிலிருந்து உணவகக் குசினியில் வேலை. நாடி பார்க்கப் பழகிய காலத்தில் அவருடைய கையைத்தான் கேட்டு வாங்கினேன்.

"என்னடா, கை பாத்துச் சாத்திரம் சொல்லப்போறியோ?"

"நாடி பாக்கிறன் அப்பா. கொஞ்சம் கதையாம இருங்கோ."

"இதைத்தானே ஊரிலை பரியாரியும் பிடிச்சவர். இதுக்கோ நீ மூண்டு வருசம் படிக்கிறாய்?"

சொல்லிவிட்டு இருந்த இருப்பிலேயே நித்திரையாகிவிட்டார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, முதலில் தொட்டும் தொடாமலும், பிறகு சற்று அழுத்தி, பிறகு எலும்பு தட்டும்வரை அழுத்திப் பார்க்கவேண்டும். மாதக்கணக்காக எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. அன்று, எண்ணெய் பட்ட பழைய தழும்புகளுக்குப் பக்கத்தில், அவருடைய நாடி என் மூன்று விரல்களிலும் மூன்று விதமாக வந்து தட்டியது. உள்ளே ஓர் ஆள் நடந்து திரிவதைப்போல இருந்தது. அப்பாவின் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்திருந்தது அதுதான் முதல் தடவை. அவர் விழிக்கும்வரை விடவில்லை.

அன்ரி என்னிடம் வந்தது, அறையைத் திறந்து இரண்டாவது மாதத்தில். அம்மாவோடு ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். வலது முழங்கால் நோவு. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஜெர்மன்காரர். எங்கள் ஆட்களில் அவர்தான் முதல். கதவைத் திறந்ததுமே கட்டிலைப் பார்த்தார், சுவரில் இருந்த உடம்புப் படத்தைப் பார்த்தார்.

"மருந்தில்லாத ஊசியாம். அப்ப உள்ளுக்கை என்னத்தை விடுவாய்?"

"ஒண்டும் விடமாட்டன் அன்ரி. உங்கட உடம்பிலை உள்ளதைத்தான் எழுப்புறது."

"அது நித்திரையாக் கிடந்தால் கிடக்கட்டுமன்" என்று சிரித்துக்கொண்டு படுத்தார்.

ஊசியைத் திருகும்போது நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாரமாக, விறைப்பாக ஏதாவது இழுக்கிறதா? அது வந்தால்தான் ஊசி இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மன்காரர் பலர் முகத்தைச் சுழித்து, "இல்லை, ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். அன்ரி நான் கேட்டு முடிக்குமுன்பே "ஓம் தம்பி, ஓம்" என்றார். நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுவேன். முதல் நாள் எட்டு. அடுத்த கிழமை ஐந்து. பிறகு மூன்று. நாலாம் முறை ஒன்று. அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். என் கையாலா இது நடக்கிறது என்று எனக்கே நம்பமுடியாமல் இருந்தது.

ஐந்தாம் முறை அவர் வருவதற்கு முன் ஜன்னலருகில் நின்றேன். எதிர் நிலையத்தின் படிகளில் அன்ரி இறங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டாக, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து. நடுவில் நின்று வாயால் மூச்சு விட்டார். ஒரு பள்ளிப்பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

என் அறைக் கதவுக்கு வந்தபோது நிமிர்ந்து நடந்துவந்தார்.

"எப்பிடி அன்ரி முழங்கால்?"

"சோக்காக் கிடக்கு. ஒண்டு போடு. இல்லாட்டில் சைபரெண்டே போடன்."

நான் எதையும் எழுதவில்லை. கையைத் தாருங்கோ என்று கேட்டு மணிக்கட்டில் விரல்களை வைத்தேன். உடனே ஏதோ பிழையாகப் பட்டது. இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு ஓர் இடைவெளி. பிறகு மூன்று, வேகமாக. பிறகு ஒன்று, இல்லாததுபோல. ரயில் வந்தது, காத்திருந்தேன். போனபிறகும் அப்படியே. மற்றக் கையைப் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எண்ணவே முடியவில்லை. போன கிழமைகளில் இதே விரல்களுக்குக் கீழே சீராக ஓடிய நாடி, இன்று வழி தெரியாமல் அலைந்தது.

"அன்ரி, இண்டைக்கு ஊசி போடேலாது. உங்கட ஹவுஸ்ஆர்ட்ஸ்ட், குடும்ப டொக்டரிட்டை இப்பவே போவம்."

"எனக்கு என்ன? முழங்கால்தானே. நீ ஊசியைக் குத்து, எல்லாம் சரிவரும்."

"நாடி சரியில்லை. இதயத்தைப் பாக்கவேணும்."

"நேரம் குறிச்சு டெர்மின் எடுக்காமல் போனால் அங்கை இருக்கிற மனிசி கதவும் திறக்காது. சனிக்கிழமை கோயிலிலை நான்தான் சமையல். நீயே பாத்துவிடு தம்பி. உன்னிலை எனக்கு நம்பிக்கை."

என்னைத் தடுமாறவைத்தது அந்த நம்பிக்கைதான். ஒன்றும் இல்லாததற்கு இவரைப் பயப்படுத்தி டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன் என்று சனிக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரும் இந்தக் கதவைத் தட்டமாட்டார்கள். ஊசி போட்டால் படுத்து எழும்பிச் சிரித்துக்கொண்டு போவார். போகிற வழியில் அந்தப் படிகளில் என்ன நடக்கும்?

அவருடைய கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தேன்.

"பிடிவாதம், தாயைப்போல" என்று சொல்லிக்கொண்டு கையை நுழைத்தார்.

குடும்ப மருத்துவரின் இடம் இரண்டு தெரு தள்ளி. வரவேற்பில் நான் சொன்னதைக் கேட்ட பெண், டெர்மின் கேட்காமல் உள்ளே விட்டார். மருத்துவர் அன்ரியைப் பார்த்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்க, அன்ரி ஜெர்மன் மொழியில் "இல்லை, எல்லாம் நல்லம்" என்றார். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். நான் திரைக்கு வெளியே நின்றேன். இயந்திரத்திலிருந்து வந்த நீளத்தாளை மருத்துவர் எனக்கும் காட்டினார். கோடுகள் மேலே எழும்பும் இடங்களைப் பார்த்தேன். இரண்டு ஒட்டி, ஓர் இடைவெளி, மூன்று வேகமாக. என் விரல் நுனியில் அலைந்தது அங்கே மையால் கிடந்தது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன, உள்ளே இரத்தம் கட்டிப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதை நான் தமிழில் சொன்னேன். அன்ரி தன் கைப்பையைத் திறந்து மூடினார்.

"நாலைஞ்சு நாளாப் படி ஏறேக்கை மூச்சு வாங்கிறது. நெஞ்சு படபடக்கிறது."

"ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்லை?"

"நீ முழங்காலுக்குத்தானே பாக்கிறாய்."

"முழங்கால்?"

"அது அப்பிடியேதான் கிடக்கு."

"அப்ப அந்த ஒண்டு, மூண்டெல்லாம்?"

"எங்கட பிள்ளை படிச்சு, ஒரு அறை திறந்து வைச்சிருக்கு. ஒவ்வொரு முறையும் அந்தப் பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்ரை வாயைப் பாப்பாய். எட்டெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஒரு மாதமாக என்னைச் சந்தோசப்படுத்துவதற்கென்றே நோவோடு படி ஏறி வந்திருக்கிறார். நானும் அந்தப் பொய்யைத் தாளில் எழுதி எழுதி மகிழ்ந்திருக்கிறேன். அவர் சொல்லாததை அவருடைய கைதான் எனக்குச் சொல்லியிருந்தது.

மருத்துவமனையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைச் சமையலை அம்மா செய்தார். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று அன்ரி கட்டிலில் கிடந்தபடியே கேள்விப்பட்டிருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பவும் என் அறைக்கு வந்தார். ஊசி போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவாங்கிய துண்டையும் கொண்டுவந்திருந்தார். இரத்தத்தை மெல்லியதாக்கும் குளிசை எடுப்பதால் ஆழமாகக் குத்தமாட்டேன் என்று சொன்னேன். பழைய தாளை மடித்து வைத்துவிட்டு, புதுத் தாளும் பேனையும் எடுத்தேன்.

"பத்துக்கு எத்தினை அன்ரி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். நான் பேனையை மேசையில் வைத்துவிட்டேன்.

"எட்டு" என்றார். கொஞ்சம் யோசித்து, "எட்டரை. இப்ப உனக்குச் சந்தோசமோ?"

"ஓம் அன்ரி" என்றேன். அது உண்மை.

அவர் கையை நீட்டினார். ரயில் வந்து நின்றது, கண்ணாடி அதிர்ந்தது, ரயில் போனது. நான் மூன்று விரல்களையும் வைத்தேன்.