பாட்டுக்கு முன்னால் நான்கு விநாடி

என் கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டும் ஒரு தடவைதான் இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிற வேலை எனக்கு. என் கை ஒரு புள்ளி தப்பினால், அச்சாகிற லேபிள் அத்தனையிலும் அந்தப் புள்ளி தப்பும். அந்த வேலை பார்த்து என் புத்தி அப்படி ஆனதா, புத்தி அப்படி இருந்ததால் அந்த வேலை அமைந்ததா, தெரியாது. சோற்றில் கல் கிடந்தால்கூடப் பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். பாட்டுப் பட்டியலில் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் கிடந்தால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

அந்தக் கம்ப்யூட்டர், முதலாளி புதிது வாங்கியபோது என் தலையில் கட்டிய பழையது. இரண்டாயிரத்து நான்கு வாக்கில் இருக்கும். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. கம்ப்யூட்டர் வந்த வாரமே, தன் கேசட்டில் இருந்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றிக் கொடு என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஒயர் மாட்டி ஏற்றலாம் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. டேப் ரெக்கார்டருக்கு முன்னால் ஒரு சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் மைக்கை வைத்தோம். கம்ப்யூட்டரில் ரெக்கார்டை நான் அமுக்க வேண்டும். பிறகு டேப்பை அவள் அமுக்க வேண்டும். நான் அமுக்கிவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

"ஏலே, அமுக்கிட்டியா?" என்றாள்.

வாயைத் திறந்தால் என் குரலும் பதிவாகிவிடுமே என்று நான் கையை மட்டும் ஆட்டினேன். அவள் உச்சுக்கொட்டிவிட்டு டேப்பை அமுக்கினாள். அதனால் அந்தப் பாட்டுக்கு முன்னால் நான்கு விநாடி இருக்கும். தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியின் இரைச்சல், அக்காவின் கேள்வி, ஒரு உச்சுக்கொட்டல், அப்புறம் பாட்டு. திரும்ப எடுக்கலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "இருந்துட்டுப் போவுது, அது என்ன சோறா கேக்குது" என்று சொல்லிவிட்டாள். முதலில் ஏற்றிய பாட்டு என்பதால் அதற்கு 001 என்று எண் போட்டேன்.

அவளுடைய கம்பெனி வேனை ஓட்டியவர் எங்கள் தெருக்காரர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வண்டி நிற்கும். வேனில் சிடி போடுகிற செட் மாட்டினார் என்று தெரிந்ததும், அக்கா என்னிடம் ஒரு சிடி எழுதி வாங்கி, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'வண்டி' என்று எழுதி அவரிடம் கொடுத்தாள். வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் அந்த செட் முதல் பாட்டிலிருந்துதான் பாடும். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு, ஊர் முழுக்கக் கேட்கும்படி, அக்கா என்னைப் பார்த்து அமுக்கிட்டியா என்று கேட்டாள்.

எங்கள் ஊருக்கு அந்நேரத்துக்கு மூன்று கம்பெனி வேன்கள் வரும். மூன்றின் ஹாரனும் ஒன்றுபோலத்தான் அலறும். அடுப்படியில் இருக்கிற பெண்கள் எந்த வண்டி என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதலில் என்ன பாடுகிறது என்பதை வைத்துத்தான் தூக்குவாளியை எடுப்பார்கள். ஒரு வண்டிக்கு சாமி பாட்டு. இன்னொன்றுக்கு ஒரு குத்துப்பாட்டு. எங்கள் தெரு வண்டிக்கு அக்காவின் குரல். அந்தக் கேள்வி வந்ததும் கதவுகள் திறக்கும். அக்காவும் தன் குரலைக் கேட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள்.

மூன்று வருடம் அப்படிப் போனது. அப்புறம் அவள் இறந்துபோனாள்.

எங்கள் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர் செத்துப்போனார் என்றால், கேட்கிறவர்கள் உடனே "வெடியா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, மஞ்சள்காமாலை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரியும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண்ணெல்லாம் மஞ்சள். ஐந்தாம் நாள் முடிந்துபோனது.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போய் ஒரு கம்பி மத்தாப்பு லேபிளுக்கு ரோஸ் நிறம் போட்டேன். முதலாளி நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தது. வேன் டிரைவர் மட்டும் ஒரு நாள் வழியில் மறித்து, "தம்பி, அந்தப் பாட்ட மாத்திருவமா? ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமே" என்றார். "எனக்கென்னண்ணே, ஓடட்டும்" என்றேன். மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த நாட்களில்தான் பாட்டுகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிடிகள், அச்சாபீஸ் நண்பர்கள் கொடுத்தவை என்று குவிந்து கிடந்தன. ஒரே பாட்டு ஐந்து சிடியில் இருக்கும். ஒன்றில் கடைசிச் சரணம் பாதியில் அறுந்திருக்கும்; இன்னொன்றில் நடுவில் கடைக்காரர் தன் கடைக்கு விளம்பரம் பேசியிருப்பார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். எது தெளிவோ அது இருக்கும், மற்றவை போகும். படம், வருடம், பாடியவர் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலை. அம்மா சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஒரு நாள் டிரைவர், வேனுக்குப் பென் டிரைவ் போடுகிற புது செட் வாங்கியிருப்பதாகச் சொல்லி, பாட்டெல்லாம் ஏற்றித் தரச் சொன்னார். அன்றுதான் 001-க்கு வந்தேன். அதே பாட்டு விருதுநகர் சிடியில் துல்லியமாக இருந்தது. விதிப்படி, மைக் வைத்து எடுத்தது போக வேண்டும். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நல்ல பிரதிக்கு 001 என்று எண் போட்டேன்.

கை தவறி அழிந்தது என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது பொய். வேனில் இருந்த பழைய சிடியை விட்டால் அவள் குரல் இருந்தது உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான், புது செட் வந்ததும் அந்த சிடியும் குப்பைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தேன். தினமும் ஒருத்தி என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. விதி என்று ஒன்று கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை வேன் வந்து, நல்ல பிரதியைப் பாடியது. யாரும் வெளியே வரவில்லை. அக்கா கேட்கவில்லை, ஆகவே அது தங்கள் வண்டி இல்லை என்று நாலு பெண்கள் அடுப்படியிலேயே இருந்துவிட்டார்கள். வேன் போய்விட்டது. நேரம் தப்பினால் கம்பெனி கேட்டில் விடமாட்டார்கள். நாலு பேரும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"என்னப்பா, ஒங்கக்கா சத்தத்தக் காணோம்? சீசன் நேரத்துல ஒரு நா வேல போச்சே" என்றாள் ஒருத்தி.

"கம்ப்யூட்டர் தானா அழிச்சிருச்சு" என்றேன்.

"நல்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கப் போ" என்றுவிட்டுப் போனார்கள். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று நாளில் பெண்கள் புதிய பிரதிக்குப் பழகிவிட்டார்கள். அம்மாதான் காலையில் எழுந்திருக்கவில்லை. ஏழு மணி, எட்டு மணி வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடம்புக்கு முடியவில்லை போல என்று நானே கஞ்சி வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அம்மா எங்க, தண்ணிக்கு வரக்காணோம்?"

"தண்ணிக்கா? தண்ணி மத்தியானம்தானண்ணே விடுவாக?"

"அது எனக்குத் தெரியாதா? ஒங்கக்கா போன பெறகு தெனமும் வெறுங்குடத்தத் தூக்கிட்டு வண்டிகிட்ட வந்து நிப்பாக. அந்தச் சத்தம் வரும். கேட்டுட்டு வெறுங்குடத்தோட திரும்பிருவாக. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். அவள் போன பிறகு எனக்கு முதன்முதலாக வலித்தது அப்போதுதான்.

பழைய சிடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் வேனைக் காட்டினார். கண்ணாடியிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து நூலில் மூன்று சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார், அழகுக்கு. நடுவில் இருந்ததில் 'வண்டி' என்ற எழுத்து கை பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்தது. நூலை அறுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் சிடியைப் போட்டேன். கீறல் கீறலாக இருந்தது. காப்பி ஆகவில்லை, பாதியில் நின்று நின்று பிழை என்று சொன்னது. பாடிப் பார்த்தால், முதலில் கொஞ்சம் ஓடி, பாட்டு தொடங்கிய இடத்தில் திக்கி நின்றது. அந்தக் கொஞ்சம் போதும். ஸ்பீக்கருக்கு முன்னால் சொம்பைக் கவிழ்த்து மைக்கை வைத்தேன். ரெக்கார்டை அமுக்கிவிட்டுப் பாட விட வேண்டும், அவ்வளவுதான். என் கை சிடியைத்தான் முதலில் தட்டியது.

"ஏலே, அமுக்கிட்டியா?"

அமுக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அழுகிற அந்த மனிதன் எனக்குள்ளே எத்தனை நாளாக உட்கார்ந்திருந்தானோ, அம்மா திரும்பி வந்துவிடுவாளே என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதான்.

மூக்கைச் சிந்திவிட்டு, இந்தத் தடவை ஒழுங்காக ரெக்கார்டை அமுக்கினேன். சிடியைத் தட்டினேன். காற்றாடி இரைந்தது. அக்கா கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், முடியவில்லை. திரும்ப எடுக்கப் பார்த்தால் சிடி அதற்கு மேல் ஓடவே இல்லை. இருந்துட்டுப் போவுது என்று விட்டுவிட்டேன். அதைத் தனி ஃபைலாக வைத்து 000 என்று எண் போட்டேன். எத்தனை தடவை தேடினாலும் அதற்கு இரட்டை கிடையாது. சாயங்காலமே டிரைவரிடம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை நான் ஹெட்போன் மாட்டவில்லை. முந்தின நாளே டிரைவர் அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. "ஏலே, அமுக்கிட்டியா?" என்றாள் அக்கா, ஊருக்கே கேட்கும்படி. உடனே அடைத்துப்போன என் குரல், "அமுக்கிட்டேன்க்கா." அவள் உச்சுக்கொட்டினாள். பாட்டு வந்தது. கதவுகள் திறந்தன.

அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லலே" என்றாள்.