கெமிலெம்பேயின் சமையலறை வகுப்பு

விக்டோரியா ஏரிக்கரையில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியர், கெமிலெம்பே உயிரியல் ஆசிரியை. கடுமையான வாய்க்காரி. பிள்ளைகள் அவளுக்குப் பயந்தார்கள், தலைமையாசிரியர் கஜுனாவும் கொஞ்சம் பயந்தார்.

கர்ப்பமான பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்பது அன்றைய விதி. அதனால் பருவம் தொடங்கியதும் பெண்களை வரிசையாக நிறுத்தி, சாமான் அறைக்குள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி, ஒரு நர்ஸ் அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். சந்தையில் ஆட்டை அமுக்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. கஜுனா கதவருகே நாற்காலி போட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் நர்ஸ் வரவில்லை.

"நீங்க உயிரியல்தானே டீச்சர்? நீங்களே அமுக்கிப் பாத்துடுங்க" என்றார் கஜுனா.

"பசங்களையும் வரிசையில நிறுத்துங்க சார். வாத்தியாருங்க, நிர்வாகக் குழு ஆளுங்களையும் சேத்து நிறுத்துங்க. அப்ப பாக்கறேன்."

"ஆம்பளைங்க வயித்துல என்னம்மா இருக்கும்?" என்று அவர் சிரித்தார். கடலைத் தோல் உதட்டில் ஒட்டியிருந்தது.

கெமிலெம்பே வெளியே போய்விட்டாள். வேறொரு டீச்சர் அமுக்கினாள். மூன்றாம் படிவ வகுப்பில் படித்த பியேரா அகப்பட்டாள். பதினாறு வயது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். "நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள அசிங்கம் நுழைஞ்சிருச்சு" என்றார் கஜுனா. மேடையில் அவர் பக்கத்தில் நிர்வாகக் குழுவின் ருகங்கிரா, மீன் வியாபாரி, பியேராவின் அப்பாவைவிட மூத்தவர், வருத்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முழுக்கப் பியேராவைத் தன் வண்டியில் ஏற்றிப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டவர் அவர்தான். ஊருக்கே தெரியும். அன்று அவரிடமிருந்து வாசனைத் திரவிய நெடி எங்கள் வரிசைவரை வந்தது.

சாயங்காலம் கெமிலெம்பே பியேரா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"வயித்தைத் தள்ளிக்கிட்டுப் படிச்சு இவ என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்றாள் தாய்.

"என்னத்தைக் கிழிக்கிறான்னு நான் பாத்துக்கறேன். நாளைலேருந்து பொழுது சாய என் வீட்டுக்கு அனுப்பு. பசிச்சு வந்தா பரவால்ல, புத்தகம் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

அப்படித்தான் அவள் சமையலறையில் வகுப்பு தொடங்கியது. அடுப்பில் வாழைக்காய் வேகும். பெண்கள் பாயில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். பியேராவைப் பார்த்து, வேறு பள்ளிகள் துரத்திய பெண்களும் வந்தார்கள். கெமிலெம்பே யாரையும் கொஞ்சவில்லை. "வாந்தி வந்தா வாளி அந்த மூலையில இருக்கு. எடுத்துட்டு வந்து விட்ட இடத்துலேருந்து எழுது" என்பாள். பியேராவுக்கு மகன் பிறந்த பிறகு, அவள் படிக்கும்போது குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உலாத்துவது என் வேலையாயிற்று.

கஜுனா கெமிலெம்பேயைக் கூப்பிட்டு மிரட்டினார். "விதிக்கு விரோதமா வகுப்பு நடத்தறீங்க."

"என் சமையக்கட்டுல நான் யாருக்கு வாழைக்கா உரிக்கக் கத்துக்குடுத்தா உங்களுக்கென்ன சார்?"

ஆய்வகச் சாவியை அவளிடமிருந்து பிடுங்கி, கழிப்பறைகளை மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். "மேடைய விட இங்க நாத்தம் கம்மிதான்" என்றாள் என்னிடம்.

பிறகு விதி மாறியது. பிள்ளை பெற்றவர்கள் திரும்பி வரலாம் என்று அரசாங்கம் சொன்னது. அந்தப் பெண்களின் வீடுகளுக்குக் கஜுனாவே போய் அழைத்தார். வரவேற்பு விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, புகைப்படக்காரர். "இவங்கல்லாம் என் சொந்தப் பொண்ணுங்க!" என்று முழங்கியவர், பியேராவின் மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் ருகங்கிரா, மடியில் அந்தப் பெண்களுக்குத் தருவதற்கான புதுப் பைகளுடன். அவருடைய அதே அகன்ற நெற்றி, அதே மடங்கிய காது குழந்தைக்கும். கூட்டம் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

நன்றி சொல்லச் சொல்லிப் பியேரா கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"எம்புள்ளையைக் குடுங்க சார்" என்றாள். "படத்துக்கு ஆள் வேணும்னா அவன் அப்பா இங்கதான் உக்காந்திருக்காரு. பையெல்லாம் மடில வச்சுக்கிட்டு."

ருகங்கிரா எழுந்தார். பைகள் சரிந்தன. புகைப்படக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் எடுத்தான். கெமிலெம்பே மேடையேறி, கஜுனாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கி, தன் துணியால் அதன் கன்னத்தைத் துடைத்துத் தாயிடம் கொடுத்தாள்.

போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கியது. வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. ருகங்கிராவின் லாரிகள் இன்னும் ஓடுகின்றன, தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறார். குழுவிலிருந்து மட்டும் விலகினார், உடம்பு சரியில்லையாம். கஜுனா பெரிய பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். பிரிவு விருந்தில் தட்டை வாங்காமல் கெமிலெம்பே எழுந்து வந்துவிட்டாள்.

பியேரா கடைசி வகுப்பான நான்காம் படிவம் தேறினாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் கெமிலெம்பேயிடம் வந்து கேட்டாள்.

"டீச்சர், நர்ஸானா என்னையும் பொண்ணுங்க வயித்தை அப்படி அமுக்கச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"மாட்டேன்னு சொன்னா?"

"கழிப்பறை பாக்கச் சொல்லுவாங்க. என்னை மாதிரி போய்ப் பாரு. இப்ப புள்ளையைத் தூக்கு, அடுப்பு கிட்ட போறான்."