ஒழுகாத குசினி

துத்தநாகம் எரியும் வாசனை மெல்ல இனிக்கும். நாக்கின் அடியில் யாரோ ஒரு செப்புக்காசை ஒளித்துவைத்தது மாதிரி. இன்று காலை பக்கத்து மாடிவீட்டில் கம்பிக்கதவை வெல்டிங் செய்கிறார்கள். வெள்ளைப் புகை ஜன்னலால் வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டது. புகையாகிப் போவது கதவின் துத்தநாகப் பூச்சு. பொறி அடங்கியதும் அந்த இடத்தில் வெள்ளிநிறப் பெயின்ற் அடிப்பார்கள். மனிதர் ஏமாறுவார்கள், கடல் ஏமாறாது. ஒட்டிய இடத்தைத்தான் முதலில் கடிக்கும்.

புகை போய்விட்டது. ஆனால் என் மனைவி கொழும்பில் இந்த வெள்ளவத்தை வீட்டில் இருந்த கடைசி மழைக்காலத்தை அது என் மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையில் தகரம் விற்றுக்கொண்டிருந்தேன். ஹெந்தளையிலிருந்தும் கிருலப்பனையிலிருந்தும் வருகிறவர்கள் தகட்டை வெயிலில் சரித்து, அதில் படர்ந்திருக்கும் பூவைப் பார்ப்பார்கள். பூ பெரிதென்றால் பூச்சும் தடிப்பு என்று நம்பிக்கை. உருகிய துத்தநாகம் ஆறும்போது தானாக உறைகிற கோலம் அது, அவ்வளவுதான். தடிப்பைச் சொல்வது தகட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் இலக்கம். நூற்றிருபது என்றால், ஒரு சதுர மீற்றரில் இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றிருபது கிராம் துத்தநாகம். வீட்டுக்குள் தட்டி அடைக்கப் போதும். வெளிக்கூரைக்கு இருநூற்றெழுபத்தைந்து. ரெயில்பாதைக்கு அங்கால் கடல் நிற்கிற எங்கள் ஒழுங்கையில் அதுவும் மூச்சுவாங்கும்.

இப்படியெல்லாம் ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். எங்கள் குசினிக் கூரையோ பழைய துருத் தகரம்.

"ஊருக்கெல்லாம் கூரை போடுறியள். நான் குடை பிடிச்சுக்கொண்டு தோசை சுடுறன்," என்பாள் மனைவி.

மழை தொடங்கினால் நான் மேசையில் கதை எழுதுகிறதைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடுவேன். சட்டி, வாளி, பால் காய்ச்சுகிற பாத்திரம் எல்லாம் ஒழுகும் இடங்களுக்குக் கீழே போகும். நிரம்புகிறவரை இருவரும் பலகைக்கட்டையில் குந்தியிருப்போம். வேறு வேலை இல்லை. கதைப்போம்.

மகள் ரொறன்ரோவிலிருந்து தாயை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தால் வந்ததுதான், திரும்பிப் போக விடமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். ஒரு நாள் துருக்கறை பட்ட சேலையைப் பிழிந்தபடி மனைவி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அடுத்த மழைக்கு முன்னம் உந்தக் கூரையை மாத்துங்கோ. நான் போகாமல் இருக்கிறன்."

பகிடியோ உண்மையோ தெரியாது. நான் அந்த வசனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கடை முதலாளியிடம் நானூற்றைம்பது கிராம் பூச்சு வேண்டுமென்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாருக்கு தம்பி? சொந்த ஊட்டுக்கா?"

"ஓம் முதலாளி. கடல் பக்கத்தில நிக்குது."

"கடலுக்குப் பயந்தா வெள்ளவத்தையில ஏன் ஈக்கிறீங்க? புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் வாங்க. லோயர்மாருக்கு மட்டும் பயந்தாப் போதும்."

சிரித்தாலும் வரவழைத்துத் தந்தார். கூரைக்கு வலிய உருக்கு எடுத்தேன், மெல்லியதானாலும் வளையாது. முகட்டுக்கு மடிக்கிற தகட்டை மட்டும் இளகிய தரத்தில் கேட்டேன். வலியதை மடித்தால் மடிப்பில் பூச்சு மயிரிழையாக வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் இறக்கியதும் தகடுகளுக்கு இடையில் குச்சி வைத்துக் காற்று விட்டேன். நெருங்கிக் கிடந்து ஈரம் பிடித்தால் புதுத் தகரமும் வெள்ளையாய்ப் பூத்துவிடும்.

"கீறல் விழுந்தா?" என்று கேட்டாள் அவள்.

"பக்கத்தில இருக்கிற துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும்."

"அப்ப அதுக்குப் பொம்பிளைக் குணம் எண்டு சொல்லுங்கோ."

கூரை ஏறியது. மழையும் வந்தது. ஒரு துளி உள்ளே விழவில்லை. நான் மேசையில் இருந்து எழுதினேன். தகரத்தின் இரைச்சல் எழுத்துக்குத் தாளமாக இருந்தது. அடுத்த மழைக்கும் எழுதினேன். பிறகு எந்த மழைக்கும் நான் எழும்பவில்லை.

ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"மகளுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்? கூரை ஒழுகுதே?"

"இல்லை. நல்ல கூரை." குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒழுகேக்க நீங்கள் சட்டி வைக்க எண்டாலும் குசினிக்கு வருவியள்."

எந்தப் பூச்சுக்கு எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியும். மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவள் பதிலுக்கு நின்றாள். தேத்தண்ணி ஆறியது. பிறகு உள்ளே போனாள்.

விமான நிலையத்துக்குப் போகிற வான் ஒழுங்கை முகப்பில் நின்றது. பெட்டியை ஏற்றினேன். கடற்காற்று அவளுடைய சேலைத் தலைப்பை என் பக்கம் தள்ளியது. அவள் எட்டி இழுத்துச் செருகிக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமல் என்னைப் பார்த்தாள்.

"போன் எடுத்தால் ஓம், ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைக்காதேங்கோ. ஏதாவது கதையுங்கோ, என்ன?"

"ஓம்," என்றேன்.