மைக்கில் விசாரித்த பந்தி

கொரோனா வந்த முதல் வருஷம். கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். என் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பேசி, பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகு ஊரடங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு முறை தள்ளி வைத்தோம். மறுபடி நாள் குறித்தபோது, ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது, மண்டபமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பந்திக்கு முந்து என்பார்கள். அவரும் முந்துவார், ஆனால் சாப்பிட இல்லை. யார் வீட்டு விசேஷமானாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நிற்கிற ஆள் அவர்தான். அதிலும் பந்தி விசாரிக்கிறதென்றால் உயிர். இலை வரிசையில் நடந்து, "மாமா, ரசம் வாங்கிக்குங்க", "இன்னா அத்தை, அதுக்குள்ள எலைய மூடுறீங்க?" என்று ஒருவர் விடாமல் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவார். சொந்த மகள் கல்யாணத்தில் ஊரையே உட்கார வைத்து அப்படி விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை.

அதே மனுஷருக்கு நெஞ்சு சரியில்லை. முன்பு டி.பி. வந்து, மாத்திரை முழுசும் சாப்பிட்டுக் குணமானவர். ஆனால் ஒரு பக்க நுரையீரல் பழையபடி ஆகவில்லை. கரும்புக்கொல்லை வரப்பில் நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். இந்த நோய் உங்களுக்கு வந்தால் தாங்க மாட்டீர்கள், கூட்டத்துப் பக்கமே தலை வைக்காதீர்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அவருக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஒயின்ஷாப் வாசல்ல அத்தினி பேர் இடிச்சிக்கினு நிக்கிறான். அங்க வராத நோவு என் பொண்ணு கல்யாணத்துல மட்டும் வருமா?" என்று தெருவில் நின்று கத்துவார். அதில் நியாயமே இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் அடைந்து கிடந்து எல்லோருக்குமே பைத்தியம் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தனார் ஒரு யோசனையோடு வந்தார். "அண்ணே, கல்வராயன் மலைக்கு மேல போயிடுவோம். கோயில் இருக்குது, மரத்தடி இருக்குது. போலீசும் வராது, ஒருத்தனும் கேக்க மாட்டான். ரெண்டு லாரி புடிச்சா ஜனம் மொத்தமும் போயிடலாம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு டாக்டர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

நான் டைலர். மலையிலிருந்து என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற ஒரு பெண் உண்டு, எனக்குத் தங்கை மாதிரி. அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.  "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. கூட்டத்த இங்க இட்டாராதீங்க. இங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டுனா கீழ எறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்குப் பயந்துதான் நாங்களே மலைய வுட்டு எறங்காம கெடக்கறோம்" என்றாள்.

அன்று மதியம் சோறு போடும்போது இதை அவரிடம் சொன்னேன். மலைக்காரர்களுக்குக் கெடுதல் என்றதும் கொஞ்சம் யோசித்தார். ஆனால் ரோஷம் விடவில்லை. "சரி, மலை வாணாம். இங்கயே கொல்லையில பந்தல் போட்டு ஊரக் கூப்புடறேன். கேஸ் போட்டா போடட்டும். எனக்கு நோவு வந்தா வரட்டும். என் நெஞ்சு, என் இஷ்டம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. "நெஞ்சு உங்களுது. தாலி என்னுது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றது.  தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மகளும் ரூமுக்குள்ளேயே இருந்தாள்.

மறுநாள் காலையில் மிஷினில் உட்கார்ந்து மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் காய்கறி வண்டி வந்தது. ஊரடங்கில் வந்த பழக்கம் அது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி, அதன் மேல் ஒரு ஸ்பீக்கர். "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா" என்று அது தானாகக் கத்திக்கொண்டே போகும். அவரவர் வாசலில் நின்று அவரவர் வாங்கிக்கொள்வார்கள். தெருவே வாங்கும், ஆனால் கூட்டமே இருக்காது.

மிஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அவர் பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பந்திக்குத்தான் ஜனம் வரணுமா? ஜனத்துகிட்ட பந்தி போனா ஆவாதா?" என்றேன்.

புரியாமல் பார்த்தார். தக்காளி வண்டியைக் காட்டி விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணச் சோத்தத் தக்காளி மாதிரி தெருத்தெருவா விக்கச் சொல்றியா?"

"விக்க வாணாம். விசாரிங்க. அவங்கவங்க வாசல்ல எல போட்டு ஒக்காருவாங்க. நீங்க வண்டி மேல நின்னு மைக்குல விசாரிங்க. இத்தினி நாளு உங்க கொரல் ஒரு வரிசைக்குத்தான் கேட்டுது. இப்ப ஊருக்கே கேக்கும்."

மாடு குடித்து முடித்தது. பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மைக் செட்டு யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிராக்டரில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வாசல் வாசலாகப் பந்தி போடப் போகிறோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இது கல்யாணமா தண்ணி லாரியா?" என்று சிரித்தார். கடைசியில், "எங்கயாவது கூட்டம் சேந்துது, டிராக்டரத் தூக்கிடுவேன். பொண்ணு மாப்ள எறங்கி நடந்துதான் வூடு போய்ச் சேரணும்" என்று மிரட்டி அனுப்பினார்.

கல்யாணத்தன்று மாரியம்மன் கோயில் வாசலில் தாலி கட்டியபோது இரண்டு வீட்டு நெருங்கின சொந்தம் மட்டும்தான் இருந்தோம். திருக்கோவிலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோருக்கும் என்னிடம் மிச்சமிருந்த பட்டு ஜாக்கெட் துண்டுத் துணிகளை வைத்து மாஸ்க் தைத்திருந்தேன். சம்பந்தி அம்மா அதைக் கழற்றவே இல்லை. பட்டு மாஸ்க் என்று பெருமை வேறு.

பிறகு டிராக்டர் கிளம்பியது. டிரெய்லரில் இரண்டு வாழை மரம் கட்டி, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஒரு ஓரத்தில் மைக்கோடு என் வீட்டுக்காரர். பின்னாலேயே குட்டியானையில் அண்டாக்கள், அதன் முன்சீட்டில் நான். பரிமாற வந்த பையன்கள் இலையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போன பிறகுதான் வீட்டார் வந்து உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்கு வீடு வாசப்படி என்று சும்மாவா சொன்னார்கள், அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

ஒன்று நாங்கள் திட்டம் போடாமலே நடந்தது. எங்கள் தெரு குறுகல், டிரெய்லர் திரும்பாது. அதனால் ஊரின் அந்தக் கோடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் எங்கள் கொல்லைக்குக் களையெடுக்க வருகிறவர்கள் குடியிருக்கிறார்கள். மண்டபத்தில் நடந்திருந்தால் அவர்களுக்குக் கடைசிப் பந்திதான், அதுவும் வெளியில். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அன்று முதல் இலை அவர்கள் வாசலில் விழுந்தது. "மொத எலயில கல்யாணச் சாப்பாடு சாப்புடறது இப்பத்தாம்மா" என்று அங்கே ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தெருத்தெருவாக அவர் குரல் போனது. "டீக்கடை மாமா, வடை ரெண்டா வாங்கிக்குங்க!" "மூலை வூட்டு அண்ணி, பாயசத்த ஓரமாத் தள்றீங்களே, சக்கரை நோவா? அப்ப மோர் ஊத்தச் சொல்லவா?" ஊரே சிரித்துக்கொண்டு சாப்பிட்டது. நாலைந்து பேர் எழுந்து டிராக்டர் பக்கம் வரப் பார்த்தார்கள். "பங்காளி, எலய வுட்டு எழுந்தா மறுசோறு கெடையாது" என்று மைக்கிலேயே உட்கார வைத்தார்.

மலைக்குப் போகலாம் என்ற கொழுந்தனார் மட்டும் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். டிராக்டர் அவர் வாசலில் நின்றது. "தம்பி, எல போட்டாச்சு. பாயசம் ஆறுது. நீ கதவத் தொறக்கற வரிக்கும் வண்டி நவுராது. பின்னால இருக்கற தெருவெல்லாம் ஒன்னத்தான் திட்டும்." அடுத்த தெருவிலிருந்து உண்மையாகவே திட்டுச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம்.

கடைசியாக டிராக்டர் எங்கள் தெரு முனைக்கு வந்து நின்றது. அவர் குரல் கம்மிப் போயிருந்தது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. நான் அதற்குள் குட்டியானையிலிருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தேன். மைக்கை வாயருகே கொண்டு போனவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"ஊரையே கேட்டுட்டேன். ஒருத்தியத்தான் கேக்கல. இந்தா, நீ சாப்ட்டியா?"

வாசலுக்கு வாசல் கைதட்டல். கல்யாணப் பெண் என் மகள்தான், வெட்கப்பட்டது நான். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. அன்று நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வாசலில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதன் பிறகு இரண்டு வாரம் ஊரில் யார் தும்மினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பந்தியால் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியமா, மாரியம்மன் தயவா என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தோம், அது மட்டும் தெரியும்.

போன வருஷம் பேத்திக்குக் காது குத்தினோம். மண்டபம் நிறைய ஜனம். மைக் இல்லாமல் இலை வரிசையில் நடந்து விசாரித்துக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். பிறகு என் இலைக்கு வந்து, "ரசம் வாங்கிக்க" என்றார். என் கை தானாகத் தாலியைத் தொட்டுப் பார்த்தது. உயிர் அவரவர் சொந்தம் என்கிறார்கள்; என்னைக் கேட்டால், அதில் பாதி பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவருடையது.