மாடிப்படி ஸ்பீக்கர்

பெலிண்டாவின் குரலைக் கேட்காத காது திருச்சியில் இருக்க முடியாது. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க! ரெண்டு புடவை எடுத்தா ஒரு புடவை இலவசம்!" என்று காட்டூர் வரைக்கும் கூவிக்கொண்டு போகிறதே, அது அவள்தான். பாத்திரக் கடை திறப்பு விழா, இலவசப் பல் சிகிச்சை முகாம், மருங்காபுரிப் பக்கம் மாட்டுத் தீவன விளம்பரம், எல்லாம் அவள்தான். தவக்காலத்தில் கோவிலில் போடுகிற பாட்டுகளில் பாதி அவள் பாடியது. முகம்தான் யாருக்கும் தெரியாது. சொந்த வீட்டுக்குள் அவள் போட்ட கூச்சலும் யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் அவளுடைய ஸ்டுடியோ.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருக்கிற கட்டிடத்தில் உச்சி வீடு அவர்களுடையது. பின்பக்க அறையில் பெலிண்டா பதிவு செய்வாள். வாசலில் பஸ் ஹாரன், பட்டறைச் சத்தம், மூன்று மதத்து ஒலிபெருக்கி என்று எல்லாமே மைக்குக்குள் வந்து விழுந்தன. அதனால் கணவன் கிளமென்ட் பழைய பஞ்சு மெத்தைகளை வாங்கி வந்து நான்கு சுவரிலும் ஆணியடித்தான். கதவைச் சுற்றித் தடித்த ரப்பர் வைத்தான். கதவைச் சாத்தினால் உள்ளே பட்டாசு வெடித்தாலும் வெளியே தெரியாது. "என் வீட்டம்மாவுக்கு நானே கட்டிக் கொடுத்த ஸ்டுடியோங்க" என்று கோவிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். ஆணியடித்து முடித்த சில நாளிலேயே அந்த அறைக்கு வேறொரு உபயோகத்தையும் கண்டுபிடித்தான்.

கிளமென்ட் உதிரிபாகக் கடை ஒன்றில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். தெருநாயைக்கூட 'போங்க' என்று சொல்லித்தான் விரட்டுவான். இந்த 'ங்க' எல்லாம் வாசற்படிக்கு வெளியேதான். முன்பு ஒரு கையால் பெலிண்டாவின் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடிக்க வேண்டியிருந்தது, பாவம். ஸ்டுடியோ வந்த பிறகு அடிக்க அவனுக்கு இரண்டு கையும் கிடைத்தது. முடியைச் சுருட்டிப் பிடித்து உள்ளே இழுத்துப் போவான், கதவைச் சாத்துவான், பெல்ட்டை உருவுவான். முகத்தை மட்டும் தொடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவளோடு கோவிலுக்குப் போக வேண்டுமே.

முதல் வருடம் அவள் கத்திப் பார்த்தாள். மெத்தை எல்லாவற்றையும் குடித்துவிட்டது. பிறகு கத்துவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கீழ்வீட்டு அற்புதம்மாளிடம் போய் நின்றாள். அற்புதம்மாள் ஓய்வுபெற்ற டீச்சர், தெருவில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பெலிண்டா முதுகைத் திருப்பி ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் பார்த்தார், உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா சொல்ற? நான் இங்கயேதான இருக்கேன், ஒரு சத்தமும் கேக்கலியேம்மா. கிளமென்டு தங்கமான புள்ள. எங்கயாவது விழுந்து வச்சியா?"

பெலிண்டா ரவிக்கையை இறக்கிவிட்டு மேலே ஏறி வந்தாள். அடியைவிட அந்த 'கேக்கலியேம்மா'தான் அவளுக்கு அதிகம் வலித்தது. யாராவது ஒருத்தர் கேட்டுவிட வேண்டும், அது போதும் என்று அன்றைக்கு ஜெபம் செய்தாள்.

அறை சத்தத்தைக் குடிக்கும் என்றால் கூச்சலை மட்டுமா குடிக்கும்? பாட்டையும் குடித்தது. பதிவில் அவள் குரல் வறண்டு கிடந்தது. "அக்கா, காய்ஞ்ச ரொட்டியக் கடிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் எக்கோ போடுங்க" என்று பாட்டுக் கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாடுகிற குரலைப் பெரிய மண்டபத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய விடுகிற சங்கதியைத்தான் அவர்கள் எக்கோ என்றார்கள். கடைக்காரர்கள் ரிவெர்ப் என்பார்கள். கம்ப்யூட்டரிலேயே அதைச் சேர்க்கலாம்தான், ஆனால் அவளுடைய கிழட்டு லேப்டாப் அதைப் போட்டதும் நின்றுவிடும். தனியாக ஒரு மெஷின் வேண்டும். குறைந்த விலையில் வேண்டும்.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஹாலித் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பெலிண்டா அதில் ஒரு வரி பாடிப் பார்த்தாள்.

"குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருக்குண்ணே."

"நீங்க சொல்ற விலைக்கு இதாம்மா வரும்" என்றார் ஹாலித். "ஸ்ரீரங்கத்துல ஒரு தம்பி பழைய பெட்டி ஒண்ணு விக்கிறாரு. மாஷா அல்லா, அருமையான சாமான். போய்ப் பாருங்க."

உத்திர வீதியில் அந்தத் தம்பி சித்தார்த் இருந்தான். தகப்பனார் பாசுரம் சேவிப்பதைப் பதிவு செய்வதற்காக வாங்கிய பெட்டியாம். இப்போது பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"உள்ள வாங்கோ. விலையெல்லாம் அப்பறம் பேசலாம், முதல்ல கேட்டுப் பாருங்கோ" என்று ஹெட்போனை நீட்டினான்.

பெலிண்டா மாதா பாட்டில் ஒரே ஒரு வரி பாடினாள். குரல் எழுந்தது, உயரப் போனது, எங்கேயோ ஒரு கூரையைத் தொட்டுவிட்டு அவசரமில்லாமல் இறங்கி வந்தது. மெத்தைக்குள் மூச்சு முட்டிக் கிடந்த அவளுடைய குரலுக்கு இவ்வளவு பெரிய இடமா? அழுகை வந்துவிட்டது. சித்தார்த் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். விளம்பரத்தில் சேர்த்ததையெல்லாம் அவனிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காவேரியைத் தாண்டினாள். வழியெல்லாம் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கிளமென்ட் வீட்டில் காத்திருந்தான்.

"ஸ்ரீரங்கத்துல எவன் வீட்டுக்குடி போயிட்டு வர?"

அவள் பதில் சொல்வதற்குள் முடி அவன் கையில் இருந்தது. ஸ்டுடியோக் கதவைச் சாத்தினான். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி மொசைக் தரையில் அடித்தான். மூடி பிளந்தது. அவள் குனிந்து அதைப் பொறுக்கப் போனாள், அதுதான் அவள் செய்த தப்பு. இரண்டாம் முறை அவன் பெட்டியை இறக்கியது அவளுடைய இடது மணிக்கட்டின் மேல். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. விலாவில் இரண்டு உதை கொடுத்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வை" என்று வெளியே போனான். ஒற்றைக் கையால் மீன் குழம்பு ஊற்றினாள். முள்ளை ஒதுக்கி நிதானமாகச் சாப்பிட்டான்.

மாவுக்கட்டோடு அவள் பெட்டியை ஹாலித்திடம் எடுத்துப் போனாள். அவர் திறந்து பார்த்துவிட்டு, "செத்துப்போச்சும்மா" என்றார். கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டீ சொன்னார். மரியாதைக்காரர்கள் நம் ஊரில் இதைத்தான் செய்கிறார்கள், பார்த்துவிட்டு டீ சொல்கிறார்கள். ஆனாலும் அவள் கிளம்பும்போது மனசு கேட்காமல் ஹாலித் ஒரு விஷயம் சொன்னார்.

"அந்தக் காலத்துல மெஷின் ஏதும்மா? சத்தம் சுத்துற மாதிரி ஒரு காலி எடம் பாப்பாங்க. அங்க ஒரு ஸ்பீக்கர வச்சு பாட்ட ஓட விட்டு, அந்த எடத்துலயே இன்னொரு மைக்க வச்சுப் புடிப்பாங்க. அதான் எக்கோ. காசே இல்ல."

வீட்டுக்கு வந்து படியேறும்போது சாவிக்கொத்து கைதவறி விழுந்தது. அந்தச் சத்தம் கீழிருந்து மொட்டைமாடிக் கதவு வரைக்கும் சுற்றிவிட்டு ஓய்ந்தது. பெலிண்டா நின்றாள். தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். குறுகலான, உயரமான, பூச்சு வழுவழுத்த மாடிப்படி. ஸ்ரீரங்கத்துப் பெட்டிக்குக் கொஞ்சமும் குறையவில்லை. முதலில் பாட்டுக்காகத்தான் சந்தோஷப்பட்டாள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று பார்த்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. கட்டிடத்தில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவும் அந்த மாடிப்படியில்தான் திறக்கிறது.

கிளமென்டிடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். காசு செலவில்லை என்றதும் அவன் உற்சாகமாகிவிட்டான். டிரில்லர் கொண்டுவந்து ஸ்டுடியோச் சுவரில் தானே ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்தான், தானே படியில் ஆணியடித்து ஸ்பீக்கரையும் மைக்கையும் மாட்டினான். மற்ற வீடுகளில் போய், "கொஞ்ச நேரம் பாட்டுச் சத்தம் கேக்குங்க, பொறுத்துக்கோங்க" என்று அனுமதியும் வாங்கி வந்தான். ஸ்டுடியோ மைக்கில் விழுவது எதுவானாலும் அந்த ஸ்பீக்கரில் வரும் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. பாட்டு மட்டும்தான் ஒயரில் போகும் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

அன்றிலிருந்து சாயங்காலம் அவனுடைய பைக் சந்துக்குள் திரும்புகிற சத்தம் கேட்டதும் பெலிண்டா மைக்கை ஆன் செய்துவிடுவாள். ஸ்டுடியோக் கதவு சாத்தியே இருக்கும். இரண்டு வாரம் அவன் கை நீட்டவில்லை. அடிக்க மாட்டானா என்று எதிர்பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் அந்த ஸ்பீக்கரே காரணத்தையும் கொண்டுவந்தது. முதல் மாடி பீமராவ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் படியில் கிளமென்டை நிறுத்தி, "உங்க வீட்டம்மா பாட்டக் கேக்காம எனக்கு மத்தியானத் தூக்கமே வரமாட்டேங்குது சார்" என்று புகழ்ந்துவிட்டார். கிளமென்ட், "ரொம்ப சந்தோஷங்க" என்று கும்பிட்டுவிட்டு மேலே வந்தான்.

"கெழவனத் தூங்க வைக்கிறியாமே?"

முடியைப் பிடித்து ஸ்டுடியோவுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான். மேஜையில், படி மைக் பிடிப்பதைக் கேட்கிற ஹெட்போன் கிடந்தது, விழும்போது அதுவும் அவளோடு விழுந்தது. முதல் உதை வயிற்றில். மைக் ஸ்டாண்டின் இரும்புக் குழாயைக் கழற்றி முதுகில் இறக்கினான். மைக் ஒயரோடு தரையில் உருண்டது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பெலிண்டா பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கத்தவில்லை. எத்தனை வருடப் பழக்கம்! இந்த அறையில் கத்திப் புண்ணியமில்லை என்று உடம்பு படித்து வைத்திருந்தது. ஊருக்கெல்லாம் கூவி விற்கிற தொண்டை அவளுக்காகத் திறக்க மறுத்தது. கத்துடி, கத்துடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையின் மேல் அவன் ஷூக் காலை வைத்து நசுக்கியபோது தொண்டை திறந்தது.

"ஐயோ! அம்மா! கொல்றானே!"

"கத்துடி!" என்று சிரித்தான் கிளமென்ட். "நல்லாக் கத்து. எவன் வரான்னு பாக்குறேன். உன்ன இங்கயே கொன்னு பொதச்சாலும் ஒரு நாய்க்கும் கேக்காதுடி!"

கன்னத்தோரம் கிடந்த ஹெட்போனில் அவளுடைய கூச்சல் திரும்பி வந்தது. மாடிப்படி முழுக்கச் சுற்றி, பெரிதாகி, யாரோ பத்துப் பெண்கள் சேர்ந்து கதறுவதுபோல வந்தது. பின்னாலேயே அவன் குரலும் வந்தது. நாய்க்கும் கேக்காதுடி, கேக்காதுடி. பிறகு ஒரு தாழ்ப்பாள் திறந்தது. இன்னொரு கதவு. செருப்பில்லாத கால்கள் படியில் ஓடின. யாரோ மூச்சிரைத்துக்கொண்டு படி மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதார்கள்.

"பெலிண்டா! கேக்குதும்மா! ஐயோ, எல்லாம் கேக்குதும்மா!"

அற்புதம்மாள் டீச்சர்தான். கிளமென்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவன் அடித்த மெத்தை அவனுக்கும் மெத்தைதான். குழாயை மறுபடி ஓங்கினான். இந்த முறை அவள் தலைக்கு. அவள் உருண்டாள், குழாய் காதோரம் கிழித்துக்கொண்டு தரையில் மோதியது.

ஸ்டுடியோக் கதவு திறந்தபோது பீமராவின் கையில் கடப்பாரை இருந்தது. வாசல் கதவை அதால்தான் பெயர்த்திருந்தார். பின்னால் சந்தே நின்றது. கிளமென்டின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "விடுங்க, இது எங்க குடும்ப விஷயங்க!" என்றான். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. முதல் அறை டீச்சருடையது. அப்புறம் யார் யார் என்று கணக்கில்லை. படிக்குப் படி அடித்து இறக்கினார்கள்.

பெலிண்டா தரையில் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் வைத்தாள். அவன் முகம் சுவரில் மோதுவது கேட்டது, "அம்மா" என்று அவன் அலறுவது கேட்டது, ஒவ்வொன்றும் நீண்டு நீண்டு கரைந்தது. ரத்தம் ஹெட்போன் பஞ்சை நனைத்தது. வால்யூம் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குறைக்கலாம், ஒரு மனுஷன் அலறுகிறான். அவள் கொஞ்சம் கூட்டினாள்.

மகளிர் காவல் நிலையத்தில் போட்ட கேஸ் நடக்கிறது. கிளமென்ட் ஜாமீனில் வந்து காட்டூரில் அவன் அக்கா வீட்டில் நொண்டிக்கொண்டிருக்கிறான். பெலிண்டாவுக்கு இடது காதோரம் தையல் தழும்பும், கைநிறையப் பாட்டு வேலையும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், "இது என்ன மெஷின்க்கா, இவ்ளோ நல்லாருக்கு?" என்று கேட்கிறார்கள். மாடிப்படியைக் காட்டுகிறாள். மெத்தையை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை, பஸ் ஹாரன் அப்படியேதானே இருக்கிறது.

சில நாள் பதிவுக்கு நடுவில் வரிகளைத் திருத்திக்கொண்டு அவள் பேசாமல் இருந்துவிடுவாள். அப்போது ஹெட்போனில் கீழே ஒரு தாழ்ப்பாள் திறக்கும். அற்புதம்மாள் முட்டி வலியோடு இரண்டு படி ஏறி, மைக்கைப் பார்த்து அண்ணாந்து நிற்பார்.

"என்னம்மா, ரொம்ப நேரமாச் சத்தமே கேக்கலியே?"

பெலிண்டா உடனே ஒரு வரி பாடுவாள். டீச்சர் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.